ஒரே பாத்திரம், ஒரே பந்தி: வார நாள் இரவுக்கான கோழிச் சோறு

நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் பல இல்லங்களில் சமையல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒருபுறம் குடும்பத்தினருக்கான குழம்பும் பொரியலும். மறுபுறம் நோயாளிக்கான கஞ்சியும் ரசச் சோறும். பகல் முழுவதும் வேலை பார்த்து, மாலையில் மருந்து வேளைகளையும் கவனிக்கும் ஒருவரே பெரும்பாலும் இவ்விரண்டையும் சமைக்கிறார். முதல் வாரம் இது நடக்கிறது. அடுத்தடுத்த வாரங்களில் கை ஓய்கிறது. குடும்பத்தினருக்கு உணவகத்திலிருந்து பொட்டலம் வருகிறது. நோயாளியின் தட்டோ கஞ்சியோடு நின்றுவிடுகிறது. அவர் கட்டிலருகே தனியே அமர்ந்து, பாதி உண்டு, மீதியை ஒதுக்கிவைக்கிறார். உடல் தேற வேண்டிய நாள்களில் எடை குறைவதற்கு இப்பழக்கமும் ஒரு காரணமாகிவிடுகிறது.

இந்நிலையைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. மிதமான காரமும் குறைந்த உப்பும் கொண்ட ஓர் அடிப்படை உணவை ஒரே பாத்திரத்தில் அனைவருக்குமாகச் சமைப்பது. ஒவ்வொருவரின் தேவைக்கும் சுவைக்கும் ஏற்ற மாற்றங்களைப் பாத்திரத்தில் செய்யாமல் தட்டில் செய்துகொள்வது. இந்த ஒரு கருத்தையே இப்பாடத்தில் கோழிச் சோற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறோம். பாடத்தின் முடிவில் தாங்கள் மூன்று செய்திகளை அறிந்திருப்பீர்கள்: இவ்வுணவைச் சமைக்கும் முறை, பச்சைக் கோழியையும் மீந்த சோற்றையும் ஆபத்தின்றிக் கையாளும் முறை, நோய்க்கேற்பத் தட்டை அமைக்கும் முறை.

ஒரே பாத்திரச் சமையல் என்பது

மேலைநாடுகளில் இறைச்சி, காய்கறி, தானியம் ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் இட்டு, மூடி, மெல்லிய வெப்பத்தில் வேகவைத்து, அப்பாத்திரத்தையே உணவு மேசைக்குக் கொண்டுவரும் வழக்கம் உண்டு. அவ்வுணவுக்குக் கேசரோல் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் சமைக்கும் பாத்திரத்தைக் குறிப்பதாகும். நம் வீடுகளில் கேசரோல் என்றால் சப்பாத்தியைச் சூடாக வைத்திருக்கும் ஹாட் பாக்ஸே நினைவுக்கு வரும். பெயர் எதுவாயினும் முறை நமக்குப் புதியதன்று. பிரியாணியும் தக்காளிச் சோறும் இம்முறையில் அமைந்தவையே. அங்கே பெரும்பாலும் ஓவனில் செய்வதை நாம் அடுப்பில், அடிகனமான பாத்திரத்தில், சிறுதீயில் செய்யப்போகிறோம். பிரியாணியில் சேரும் நெய்யும் காரமும் உப்பும் மட்டும் இங்கே குறைகின்றன.

பராமரிப்பாளருக்கு இதில் மூன்று நன்மைகள் உள்ளன. கழுவ வேண்டிய பாத்திரங்கள் குறைகின்றன. அரிசியைச் சேர்த்து மூடியபின் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் தட்டிலும் எவ்வளவு இறைச்சி, எவ்வளவு சோறு, எவ்வளவு உப்பு சேர்கிறது என்பதை எளிதில் கணக்கிட முடிகிறது.

ஏன் கோழி?

அறுவைச் சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதற்கும், படுக்கையில் இருந்ததால் மெலிந்த தசை மீள்வதற்கும், நோய்த்தொற்றை எதிர்ப்பதற்கும் புரதம் இன்றியமையாதது. உடல்நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம் அளவாகும். நோயிலிருந்து தேறி வருவோர் பலருக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

தோலும் எலும்பும் நீக்கிய 100 கிராம் பச்சைக் கோழி இறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. கீழே தந்துள்ள அளவின்படி சமைத்தால், அரிசி, பட்டாணி, தயிர் ஆகியவற்றின் புரதத்தையும் சேர்த்து ஒருவருக்கு ஏறத்தாழ 30 கிராம் கிடைக்கும். ஒரு நாள் தேவையில் பாதிக்கும் மேலானது இரவு உணவு ஒன்றிலேயே நிறைவேறுகிறது. ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் கிடைக்கும் புரதமோ சில கிராம்களே.

"கோழி சூடு, தையல் போட்ட உடம்புக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதுண்டு. அவர்களது அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் நன்கு வெந்த, காரமும் எண்ணெயும் குறைந்த கோழி இறைச்சி புண் ஆறுவதைத் தடுப்பதில்லை. புதிய திசு உருவாகத் தேவையான புரதத்தை அது தருகிறது. மருத்துவர் வழக்கமான உணவுக்கு அனுமதி தந்தபின், பத்தியம் என்னும் பெயரில் புரதத்தை விலக்குவதே தேறுதலைத் தாமதப்படுத்தும்.

முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டியோர்

இவ்வுணவு எல்லா நோயாளிகளுக்கும் எல்லா நாள்களிலும் ஏற்றதன்று. பின்வருவோர் தம் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்ட பின்னரே இதனை உண்ண வேண்டும்.

திரவ உணவு, அல்லது நார்ச்சத்துக் குறைந்த உணவு மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்கள். விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்கள், குறிப்பாகப் பக்கவாதத்திற்குப் பின் தேறி வருவோர். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள். சிறுநீரக நோயில் டயாலிசிஸ் செய்துகொள்ளாதவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வதுண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கூட்டச் சொல்வதுண்டு. ஆகவே ஒருவருக்குச் சொன்ன அளவை மற்றவர் பின்பற்றலாகாது. தக்காளி முதலியவற்றிலுள்ள பொட்டாசியத்தையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

தேவையான பொருள்கள் (4 பேருக்கு)

இங்கே கப் என்பது 200 மில்லி அளவு.

தோலும் எலும்பும் நீக்கிய கோழித் தொடைக்கறி – 500 கிராம், 3 முதல் 4 சென்டிமீட்டர் துண்டுகளாக
சீரகச் சம்பா அல்லது பச்சரிசி – 1½ கப் (ஏறத்தாழ 250 கிராம்)
பெரிய வெங்காயம் – 2, மெல்லியதாக நறுக்கியது
தக்காளி – 2, பொடியாக நறுக்கியது
கேரட் – 2, பீன்ஸ் – 15, இரண்டும் சிறு துண்டுகளாக
பச்சைப் பட்டாணி – ½ கப்
கெட்டித் தயிர் – ½ கப், கடைந்தது
இஞ்சி பூண்டு விழுது – 2 தேக்கரண்டி
மஞ்சள்தூள் – ½ தேக்கரண்டி
மல்லித்தூள் – 2 தேக்கரண்டி
மிளகுத்தூள் – ½ தேக்கரண்டி
சோம்பு – ½ தேக்கரண்டி, பட்டை – 1 சிறு துண்டு
புதினா, கொத்தமல்லித் தழை – ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி
எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
உப்பு – 1 தேக்கரண்டி (தலைதட்டி)
தண்ணீர் – 2½ கப்
எலுமிச்சை – 1, பரிமாறும்போது

கடையில் தொடைக்கறி என்று கேட்டு வாங்குதல் நன்று. நெஞ்சுக்கறி சற்றே கூடுதல் நேரம் வெந்தாலும் வறண்டுவிடும். தொடைக்கறி மென்மை மாறாது. வாயுலர்வு உள்ளவர்களுக்கும் பல் செட் அணிந்தவர்களுக்கும் இவ்வேறுபாடு முக்கியமானது.

உப்பின் அளவைப் பற்றி ஒரு சொல். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவாகும். இப்பாத்திரத்தில் நாம் இடும் ஒரு தேக்கரண்டி உப்பு நான்கு பேருக்குப் பகிரப்படுவதால் ஒருவருக்கு 1¼ கிராம் அளவே சேர்கிறது. கடையில் விற்கும் பிரியாணி மசாலாப் பொட்டலங்களிலும் சூப் கட்டிகளிலும் உப்பு முன்பே கலந்திருப்பதுண்டு. அவற்றைச் சேர்த்தால் இக்கணக்கு பொய்த்துவிடும்.

பச்சைக் கோழியைக் கையாளுதல்

பச்சைக் கோழி இறைச்சியில் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் முதலிய கிருமிகள் இருக்கக்கூடும். உடல்நலமுள்ளவரை இவை சில நாள் வயிற்றுப்போக்கோடு விட்டுவிடலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர், முதியோர், கருவுற்றோர் ஆகியோருக்கோ இதே தொற்று மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாகலாம். எனவே பின்வரும் நான்கு பழக்கங்களைச் செய்முறையின் பகுதியாகவே கருத வேண்டும்.

முதலாவது, ஓடும் குழாய்நீரில் கோழியைக் கழுவுதல் கூடாது. தெறிக்கும் நீர்த்துளிகள் கிருமிகளைத் தொட்டியெங்கும் அருகிலுள்ள பாத்திரங்கள் மீதும் பரப்புகின்றன. கிருமிகளை அழிப்பது வெப்பமே. கழுவுவதாலோ மஞ்சள் தடவுவதாலோ அவை முற்றிலும் நீங்குவதில்லை. கழுவாமல் சமைக்க மனம் ஒப்பாதவர்கள், ஆழமான பாத்திரத்தில் தேங்கிய நீரில் தெறிக்காமல் அலசி, நீரை மெல்ல ஊற்றிவிட்டு, தொட்டியையும் பாத்திரத்தையும் சோப்பிட்டுத் தேய்க்க வேண்டும்.

இரண்டாவது, காய்கறிகளை முதலில் நறுக்கி எடுத்துவைத்துவிட்டு, கோழியை இறுதியில் நறுக்க வேண்டும். வெட்டுப்பலகை ஒன்றே இருப்பினும் இவ்வரிசையைக் கடைப்பிடித்தால் கோழியின் நீர் காயில் படாது. பின்னர் பலகை, கத்தி, கை மூன்றையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கைகளை 20 விநாடிகளாவது தேய்த்தல் வேண்டும்.

மூன்றாவது, உறைந்த கோழியைச் சமையல் மேடையில் வைத்து உருகவிடுதல் கூடாது. முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், நீர் சொட்டாதபடி மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டால் மறுநாள் மாலைக்குள் பதமாகிவிடும்.

நான்காவது, பச்சைக் கோழியை வைத்த தட்டிலோ, கிளறிய கரண்டியிலோ வெந்த உணவை எடுத்தல் கூடாது.

செய்முறை

1. அரிசியைக் களைந்து 20 நிமிடம் ஊறவிடுக. இந்த நேரத்திற்குள் காய்களையும், பின்னர் கோழியையும் நறுக்கி முடித்துவிடலாம்.

2. அகலமான, அடிகனமான, இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் எண்ணெயைச் சூடாக்கிச் சோம்பும் பட்டையும் இடுக. மணம் வந்ததும் வெங்காயத்தைச் சேர்த்து, மிதமான தீயில் 5 நிமிடம் வதக்குக. வெங்காயம் கண்ணாடிபோல் ஆனால் போதும், சிவக்க வேண்டியதில்லை.

3. இஞ்சி பூண்டு விழுதைச் சேர்த்து ஒரு நிமிடம் வதக்குக. தக்காளி, மஞ்சள்தூள், மல்லித்தூள், மிளகுத்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துத் தக்காளி குழையும்வரை 4 நிமிடம் வேகவிடுக.

4. கோழித் துண்டுகளை இட்டு, எல்லாப் பக்கமும் வெளுக்கும்வரை 5 நிமிடம் கிளறுக. தீயைக் குறைத்துத் தயிரை ஊற்றிக் கலக்குக. தீ கூடினால் தயிர் திரிந்துவிடும்.

5. கேரட், பீன்ஸ், பட்டாணி, புதினா, பாதிக் கொத்தமல்லித் தழை ஆகியவற்றைச் சேர்க்க. தண்ணீரை ஊற்றி, தீயைக் கூட்டிக் கொதிக்கவிடுக.

6. ஊறிய அரிசியை நீர் வடித்துச் சேர்த்து ஒருமுறை மட்டும் மெல்லக் கிளறுக. மீண்டும் கொதி வந்ததும் மூடியிட்டு, சிறுதீயில் 15 நிமிடம் வேகவிடுக. இடையில் மூடியைத் திறக்க வேண்டா; ஆவி வெளியேறினால் மேல்பகுதி அரிசி வேகாது நின்றுவிடும்.

7. அடுப்பை அணைத்து, மூடியைத் திறவாமல் 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுக. உள்ளிருக்கும் ஆவியே எஞ்சிய நீரை அரிசிக்குள் செலுத்தும். பின்னர் திறந்து, முள்கரண்டியால் ஓரத்திலிருந்து மெல்லக் கிளறிவிடுக.

அரிசியின் பழமைக்கேற்ப நீரின் தேவை சற்று மாறும். அரிசி விதைத்திருந்தால் கால் கப் வெந்நீர் தெளித்து, மூடி, மேலும் 5 நிமிடம் சிறுதீயில் வைக்கலாம். சோறு குழைவாக வேண்டுவோர் தொடக்கத்திலேயே அரை கப் நீரைக் கூட்டலாம். முதியோர் உள்ள வீடுகளுக்கு அதுவே ஏற்றது.

வெந்ததை அறிதல்

கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். உணவு வெப்பமானி உள்ள வீடுகளில் மிகப் பெரிய துண்டின் நடுவே குத்திப் பார்ப்பதே உறுதியான வழி. அது இல்லாத வீடுகளில் மிகப் பெரிய துண்டை எடுத்து நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். உட்புறம் இளஞ்சிவப்பின்றி வெளுத்து, வடியும் சாறு தெளிவாக, இழைகள் எளிதில் பிரிய வேண்டும். ஐயம் எழுந்தால் மேலும் 5 நிமிடம் வேகவிடுதலே முறை. துண்டுகளைச் சிறியனவாகவும் ஒரே அளவினவாகவும் நறுக்கச் சொன்னதன் காரணம் இதுவே: ஒரு துண்டு வெந்து மற்றொன்று வேகாது நிற்கும் நிலை அதனால் தவிர்க்கப்படுகிறது.

தட்டில் பிரித்தல்

பாத்திரம் அனைவருக்கும் பொது; தட்டு அவரவர்க்குரியது. இப்போது மாற்றங்களைத் தட்டில் செய்வோம்.

நீரிழிவு உள்ளவருக்கு: தட்டில் பாதி காய்கறி, கால் பகுதி சோறு, கால் பகுதி கோழி என்பது நினைவில் கொள்ள எளிய அளவு. பாத்திரத்திலுள்ள காய் இதற்குப் போதாது. வேகவைத்த பீன்ஸோ கோஸ் பொரியலோ சிறிது உடன் இருத்தல் நன்று. நான்கில் ஒரு பங்கு சோற்றில் ஏறத்தாழ 50 கிராம் மாவுச்சத்து உள்ளது. உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், பாத்திரத்தின் மூடி திறக்கும் நேரத்தைக் கருதி, மருத்துவர் சொன்ன இடைவெளிப்படி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்டபின் உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும்.

உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவருக்கு: பாத்திரத்திலுள்ள உப்பே போதும். ஊறுகாய், அப்பளம், உப்பிட்ட தயிர்ப்பச்சடி ஆகியவை அவர் தட்டுக்கு வேண்டா. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் உப்புக் குறைவு நாவுக்குத் தெரியாது. மிகக் கடுமையான உப்புக் கட்டுப்பாடு உள்ளவர் வீட்டில், சமைக்கும்போது அரைத் தேக்கரண்டி உப்பு மட்டும் இட்டு, ஏனையோர் தம் தட்டில் தூவிக்கொள்ளலாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவனவற்றில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரக நோய் உள்ளவரும், இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் சில வகை மருந்துகளை உட்கொள்பவரும் அவற்றைப் பயன்படுத்தினால் இரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத்துடிப்பு பாதிக்கப்படலாம். மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்க வேண்டா.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு: வாய்ப்புண் இருப்பின் மிளகுத்தூளைப் பாத்திரத்தில் இடாமல் ஏனையோர் தட்டில் தூவலாம், அவருக்கு எலுமிச்சையும் வேண்டா. சமைக்கும் மணமே குமட்டலைத் தருமானால், சமையல் முடியும்வரை அவர் காற்றோட்டமான வேறோர் அறையில் இருக்கட்டும். உணவைச் சற்றே ஆறவைத்து, சிறு கிண்ணத்தில் தரலாம். பெரிய தட்டு நிறைய உணவைக் கண்டதும் சலிப்புத் தட்டுவோர் பலர். இரத்த வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாள்களில் பச்சைக் கொத்தமல்லித் தழை, பச்சை வெங்காயப் பச்சடி ஆகியவற்றை அவர் தட்டில் சேர்க்க வேண்டா. புதினாவையும் தழையையும் உணவுடனேயே வேகவைக்கச் சொன்னது இவ்விடத்தில் உதவும்.

மெல்ல இயலாதவருக்கு: கோழித் துண்டுகளை இழையிழையாகப் பிய்த்து, சோற்றோடு மசித்து, சிறிது வெந்நீரோ சூடான பருப்பு நீரோ கலந்து தரலாம். ஆனால் விழுங்கும்போது இருமலோ புரையேறுதலோ உள்ளவருக்கு, எத்தகைய பதத்தில் தர வேண்டும் என்பதைப் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரே சொல்ல வேண்டும்.

ஏனைய குடும்பத்தினருக்கு: அவர்கள் சுவையையும் நாம் மறக்கலாகாது. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பூண்டு ஆகியவற்றைத் தாளித்துச் சிறு கிண்ணத்தில் வைத்துவிட்டால், காரம் விரும்புவோர் தம் தட்டில் ஊற்றிக்கொள்வர். பிள்ளைகள் சுவையில்லை என்று விலகினால் ஒரே பந்தி என்னும் நோக்கமே கெட்டுவிடும்.

புலால் உண்ணாத வீடுகளில் கோழிக்குப் பதிலாக ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையையோ, பனீரையோ, மீல் மேக்கரையோ சேர்க்கலாம். பனீரைப் பரிமாறுமுன் சேர்த்தால் போதும்.

மீந்த உணவு

பலருக்கும் கோழியைப் பற்றிய அச்சம் உண்டு. சோற்றைப் பற்றிய அச்சம் இல்லை. ஆனால் அரிசியிலுள்ள பாசிலஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் அழிவதில்லை. வெந்த சோறு அறை வெப்பத்தில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சுப் பொருளை உண்டாக்கும். அந்நச்சில் ஒரு வகை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. மணமும் சுவையும் மாறாமலே இது நிகழக்கூடும்.

ஆகவே உண்டு முடித்ததும் மீந்ததை அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, 2 மணி நேரத்திற்குள் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். நம் கோடைக்காலத்தைப் போல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் இந்த அவகாசம் ஒரு மணி நேரமே. மறுநாளுக்குள், ஒருமுறை மட்டும், ஆவி பறக்க நடுப்பகுதிவரை சூடாக்கி உண்ண வேண்டும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவருக்கு மீந்ததைத் தராமல் அன்றன்று சமைத்ததையே தருதல் நன்று. இரவுப்பணி முடிந்து தாமதமாக வருபவருக்காக ஹாட் பாக்ஸில் எடுத்துவைப்பதாயின், சூடு குறையுமுன் அவர் வந்துவிடுவாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2 மணி நேரத்திற்கு மேல் ஆகுமெனில் குளிர்பதனப் பெட்டியே தக்க இடம்.

சமைப்பவரின் நலம்

இச்சமையலுக்கு முன் ஆயத்தம் 25 நிமிடம், அடுப்பருகே நிற்பது 20 நிமிடம், மூடியபின் காத்திருப்பது 25 நிமிடம். இறுதி 25 நிமிடத்தை நாங்கள் வேண்டுமென்றே தனியாகக் குறிப்பிடுகிறோம். அந்த நேரத்தில் மேலும் ஒரு கூட்டோ வறுவலோ செய்ய முனைய வேண்டா. அமருங்கள், தண்ணீர் அருந்துங்கள், நோயாளியின் அருகில் பேசியிருங்கள். பிறரைக் காப்பவரின் உடலும் ஓய்வு வேண்டுவதே.

காய் நறுக்குதல், பட்டாணி உரித்தல், மேசை துடைத்தல் ஆகியவற்றைக் குடும்பத்தில் பிறர் ஏற்கலாம். அமர்ந்து வேலை செய்ய இயலும் நோயாளிக்கும் ஒரு பணி தரலாம். புதினா ஆய்தல் அவருக்குக் களைப்பைத் தராது. தம்மால் ஏதும் ஆகாது என்று எண்ணியிருப்பவருக்கு, அன்றைய உணவில் தம் கையும் பட்டது என்பது சிறிய செய்தியன்று.

கற்றதைச் சரிபார்ப்போம்

வினா 1: இரவு 8 மணிக்குச் சமைத்த சோறு மேடையிலேயே மூடிவைக்கப்பட்டுள்ளது. காலையில் மணம் கெடவில்லை. சூடாக்கி நோயாளிக்குத் தரலாமா?
விடை: கூடாது, வீட்டில் எவருக்கும் தர வேண்டா. சூடாக்குதல் எல்லா நச்சையும் அழிப்பதில்லை.

வினா 2: கோழித் துண்டுகள் ஐந்து நிமிடத்திலேயே வெளுத்துவிட்டன. வெந்துவிட்டன எனக் கொள்ளலாமா?
விடை: கூடாது. வெளுத்தது மேற்புறம் மட்டுமே. மிகப் பெரிய துண்டின் நடுப்பகுதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வினா 3: தந்தைக்கு உப்புக் கட்டுப்பாடு, மகனுக்கோ உப்புப் போதவில்லை. பாத்திரத்தில் உப்பைக் கூட்டலாமா?
விடை: வேண்டா. பாத்திரத்தில் சேர்ந்த உப்பை எடுக்க இயலாது. மகன் தன் தட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

வினா 4: பக்கத்து வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் கோழி நிறைய உண்கிறார். சிறுநீரக நோய் உள்ள, ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்ளாத நம் அம்மாவுக்கும் அதே அளவு தரலாமா?
விடை: கூடாது. இருவருக்கும் புரத அளவு வேறு. அம்மாவின் மருத்துவர் சொல்லும் அளவே அவருக்கு உரியது.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, நோயாளி ஒரு வேளைக்கு எவ்வளவு உண்கிறார், எதை ஒதுக்குகிறார், எடை எவ்வாறு உள்ளது என்பவற்றைச் சிறு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அக்குறிப்பைக் கொண்டு இந்தப் பாத்திரத்தில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.